அரை மாத்திரை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் ஒருவன் ஒலிவாங்கியின் முன் வந்து அமர்ந்தால் சங்கப் பாடலைப் பற்றியோ கம்பனைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் பேச வந்திருப்பது ஒரு குளிசையைப் பற்றி. அதுவும் முழுக் குளிசையன்று, அரைக் குளிசை. இலக்கியத் தொடரில் இதற்கென்ன இடம் என்று கேட்பீர்களாயின், பேச்சின் முடிவில் அதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டின் இரண்டாந் தவணை. எங்கள் இந்துக் கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்கு நன்னூல் எழுத்தியல் நடத்திக்கொண்டிருந்தேன். மாத்திரை பற்றிய பாடம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என்று கரும்பலகையில் எழுதி, கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமுமே ஒரு மாத்திரை என்று விரலை நொடித்துக் காட்டினேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வேகத்தில நொடிப்பினம்தானே? அப்ப ஆளுக்காள் மாத்திரை மாறாதோ?”

நல்ல கேள்வி. பவணந்தியார் அதற்கு முன்னரே விடை வைத்திருக்கிறார். யாரோ ஒருவருடைய இமைப்பையும் நொடிப்பையும் அவர் அளவாகக் கொள்ளவில்லை. இயல்பான மாந்தருடையது என்று ஓர் அடைமொழி சேர்த்தே சொல்லுகிறார். அதை விளக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் என் நெஞ்சு ஓடிவந்தவனுடைய நெஞ்சைப்போல அடித்துக்கொண்டிருந்தது. காதுக்குள் அதன் சத்தம் கேட்டது. அன்று நான் ஓடவுமில்லை, மாடிப்படி ஏறவுமில்லை. ‘இயல்பான மாந்தர்’ என்று இப்போதுதான் வாய் நிறையச் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் நான் இருக்கிறேனா என்ற ஐயம் அந்த நாற்காலியில்தான் முதன்முதலாக எனக்கு வந்தது.

உண்மையைச் சொல்வதானால் அது முதல் தடவையன்று. சில மாதங்களாகவே இரவில் இடப்பக்கம் சரிந்து படுத்தால் தலையணைக்குள் யாரோ உலக்கை போடுவது போலிருக்கும். மனைவியிடம் சொல்லவில்லை. விடைத்தாள் திருத்தும் களைப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின், 2021இல் கொரோனாக் காலத்தில் வாங்கி அலுமாரியில் போட்டு வைத்திருந்த, விரலில் மாட்டும் கருவியைத் தேடியெடுத்து மாட்டினேன். ஒட்சிசன் 98 என்று காட்டியது. நாடித்துடிப்பு 112.

வளர்ந்த ஒருவருடைய இதயம் ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிப்பதே வழமை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் 112 என்றதும் தமிழாசிரியனுக்கு நினைவு வருவது வேறொன்று. புறநானூற்றின் 112ஆம் பாடல். பாரியின் பெண்மக்கள் பாடியது. சென்ற மாதத்து வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், மலையும் இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் இரண்டும் இல்லை என்று அந்தப் பிள்ளைகள் சொல்லும் சின்னஞ்சிறு பாடல்.

அந்தப் பாடலை நான் வகுப்பில் படிப்பிக்கும்போதெல்லாம் கொஞ்சம் தடுமாறுவேன். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நானும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது நிறையவில்லை. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினோம். அதற்கடுத்த வருடம், 1997இல், ஒரு விடியற்காலை அப்பா நெஞ்சைப் பொத்திக்கொண்டு விறாந்தையில் இருந்தவர் இருந்தபடியே போய்விட்டார். அவருக்கு நாற்பத்தொன்பது வயது. எனக்கு இப்போது நாற்பத்தைந்து. அந்த இரவில் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்துக்கொண்டு நான் செய்தது கழித்தல் கணக்கு. நாற்பத்தொன்பதில் நாற்பத்தைந்து போனால் நான்கு.

நேயர்களே, அச்சம் என்பது எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், அரசர் ஆகிய நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள் என்று தொல்காப்பியர் வகுத்தார். எங்கள் தலைமுறை ஐந்தாவதாக ஷெல்லைச் சேர்த்துக்கொண்டது. ஆறாவதாக நான் அந்தச் சிறு கருவியைச் சேர்த்தேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை மாட்டிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அச்சம், அச்சத்தால் துடிப்பு கூடும், கூடியதைப் பார்த்து மேலும் அச்சம். கழுத்திலும் மணிக்கட்டிலும் விரல் வைத்து எண்ணும் பழக்கம் வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். என்னைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். ஆசிரியர் என்று தெரிந்ததும் “சேர்” என்றே அழைத்தார். உடனே மருந்து எழுதவில்லை. முதலில் காரணம் தேடினார். இரத்தம் குறைந்தாலும் நாடி ஓடும், தைரொயிட் சுரப்பி மிதமிஞ்சிச் சுரந்தாலும் ஓடும், காய்ச்சல், நீரிழப்பு, தூக்கமின்மை எல்லாவற்றாலும் ஓடும் என்று சொல்லி இரத்தப் பரிசோதனைகள் எழுதினார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எக்கோ பார்த்தார்கள். இருபத்துநான்கு மணிநேரமும் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்ட்டர் என்ற கருவியை மார்பில் ஒட்டி அனுப்பினார்கள்.

“ஒரு நாளைக்கு எத்தனை ரீ குடிப்பீங்கள் சேர்?”

எண்ணிச் சொன்னேன். எட்டு.

“அதைக் குறைக்க வேணும். நித்திரை எத்தனை மணித்தியாலம்?”

அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வைத்தியருக்குச் சொன்ன ஒழுங்கு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நோய் இன்னது என்று தெளி, அது வந்த காரணத்தைத் தெளி, தணிக்கும் வழியைத் தெளி, பின்பு பிழையாமல் செய் என்பது அவர் வைத்த வரிசை. அந்த அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் பெரும்பகுதி மருந்தைப் பற்றியன்று, உணவின் அளவைப் பற்றியே பேசுவதும் கவனிக்கத்தக்கது. என் எட்டுக் கோப்பைத் தேநீரை வள்ளுவரும் மன்னித்திருக்க மாட்டார்.

நான்கு வாரம் தேநீரை இரண்டாகக் குறைத்தேன். மாலையில் நடந்தேன். இரவு பத்தரைக்குப் படுத்தேன். பரிசோதனைகளில் எந்தக் குறையும் இல்லை. இதயத்தின் அமைப்பும் நல்லது, துடிப்பு புறப்படும் இடமும் சரியானது. வேகம் மாத்திரம் இறங்க மறுத்தது. உட்கார்ந்திருக்கையில் 108. நித்திரையையும் சேர்த்து நாள் முழுவதற்குமான சராசரி 98.

“உங்கட இதயத்தில பழுதொண்டும் இல்லை சேர். அது ஓய்வெடுக்கப் பழகேல்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன அளவு பீற்றா புளொக்கர் தொடங்கிப் பாப்பம். சின்ன வயசில தொய்வு, முட்டு ஏதும் இருந்ததோ? நீரிழிவு இருக்கோ?”

இல்லை என்றேன். ஆஸ்துமாக்காரருக்கு இந்த வகை மருந்து மூச்சுக்குழலைச் சுருக்கிவிடக்கூடும் என்பதாலும், நீரிழிவுக்கு மருந்தெடுப்போருக்குச் சீனி குறையும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும் என்பதாலும் அப்படிக் கேட்டதாக விளக்கினார். பிசோபுரோலோல் 2.5 மில்லிகிராம். அதில் பாதி. காலையில் அரைக் குளிசை காணும் என்றார்.

மருந்து கொடுக்கும் இடத்தில் தந்த கடதாசி உறையைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் பேச்சில் குளிசை என்போம். எழுத்தில் அது மாத்திரையாகிவிடும் அல்லவா? ‘காலை - அரை மாத்திரை’ என்று எழுதியிருந்தது. இருபது வருடமாக மெய்யெழுத்தின் அளவு என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே அரை மாத்திரை.

இந்த மருந்தின் கதையை இவ்விடத்தில் சிறிது சொல்ல வேண்டும். அச்சமோ வெகுளியோ உவகையோ வந்தால், சிறுநீரகங்களுக்கு மேலேயுள்ள சுரப்பிகள் அதிரினலின் என்ற பதார்த்தத்தை இரத்தத்தில் விடுகின்றன. அது இதயத்தை விரைவுபடுத்துகின்றது. அந்தப் பதார்த்தம் போய்ப் பொருந்துவதற்கு உடலில் இரண்டு வகையான வாங்கிகள் இருக்க வேண்டும் என்று 1948இல் அமெரிக்க விஞ்ஞானி றேமண்ட் அல்குவிஸ்ற் எடுத்துக்காட்டி அவற்றுக்கு அல்பா, பீற்றா என்று பெயரிட்டார். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவ மாணவருக்குக் கற்பித்த ஓர் ஆசிரியர் அவர். இதய நோயாளியின் இதயத்துக்கு மேலும் மேலும் ஒட்சிசனைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த இதயத்தின் தேவையைக் குறைத்துவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். பூட்டுக்குள் வேறொரு திறப்பைச் செருகி வைத்துவிட்டால் அதிரினலின் என்ற திறப்பு உள்ளே நுழைய முடியாது. அவ்வாறு 1960களில் பிறந்ததே புரொப்பிரனலோல். பின்னர் வந்த பிசோபுரோலோல் பெரும்பாலும் இதயத்திலுள்ள வாங்கிகளையே நாடிச் செல்வது. பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

வருமானத்தைப் பெருக்க முடியாதபோது செலவைக் குறை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அறிவும் இதுதான்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் அந்த அரைக் குளிசையைப் போடவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினொரு நாள் அந்த உறை என் நன்னூற் பிரதிக்குள் இருந்தது. காலையில் எடுப்பேன், பார்ப்பேன், வைப்பேன். துடிப்பு மிதமிஞ்சிக் குறைந்து மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பது ஒரு பயம். அதைவிட ஆழத்தில் இன்னொரு பயம் இருந்தது. உரத்துச் சொன்னால் சிரிப்பீர்கள். அச்சமும் வெகுளியும் உவகையும் நெஞ்சில் ஏறும் பாதையை இந்தக் குளிசை அடைத்துவிடுமானால், பாட்டு ஏறும் பாதை என்னவாகும்? மெய்ப்பாடு என்பது உடம்பில் தோன்றுவது. உடம்பைப் பூட்டி வைத்துவிட்டு ஒருவன் எப்படித் தமிழ் படிப்பிப்பது?

கைந்நொடியின் பொழுதை நான்காகப் பிரித்துச் சொல்லும் ஒரு மரபு இலக்கண உரைகளில் உண்டு. நொடிக்க நினைக்கும்போது கால், விரலை ஊன்றும்போது அரை, முறுக்கும்போது முக்கால், விடும்போது ஒரு மாத்திரை. பதினொரு நாளும் நான் நினைப்பதிலேயே, கால் மாத்திரையிலேயே நின்றேன். அரை மாத்திரைக்கு வருவதென்றால் விரலை ஊன்ற வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் மனைவி புத்தகங்களைத் தூசு தட்டும்போது உறை அகப்பட்டது. திகதியைப் பார்த்தார். குளிசைகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.

“இதென்னப்பா இது? ஆருக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? எனக்கோ, உங்களுக்கோ?”

என்னிடம் விடையில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னேன், கழித்தல் கணக்கைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

“மாமாவுக்கு ஒரு டொக்டர் கையைப் பிடிச்சுப் பாத்திருந்தா, பிள்ளையள் நீங்கள் அப்பா இல்லாமல் நிண்டிருப்பியளோ? எங்கட பிள்ளையளை நினைச்சுப் பாருங்கோ.”

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாகச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று பார்ப்பவர். நான் முதல் மூன்றையும் வைத்துக்கொண்டு நான்காவதை மறைத்திருந்தேன். அதனாற்றான் மற்ற மூன்றும் வேலை செய்யவில்லை.

மறுநாட் காலை, மனைவி கத்தியால் சரிபாதியாக வெட்டிக் கையில் வைத்த அந்தச் சிறு துண்டைத் தண்ணீரோடு விழுங்கினேன். உலகம் தலைகீழாகிவிடவில்லை. அன்று பள்ளிக்கும் போனேன். மாலையில் எண்ணிப் பார்த்தபோது 94. ஒரு வாரத்தின் பின் 84. இரண்டு வாரம் கழித்துக் கிளினிக்கில் காட்டியபோது இரத்த அமுக்கத்தையும் பார்த்துவிட்டு, அதே அளவு காணும், கூட்டத் தேவையில்லை என்றார் வைத்தியர். இப்போது அமர்ந்திருக்கையில் 76க்கும் 80க்கும் இடையில் நிற்கிறது. நிமிடத்துக்கு முப்பது துடிப்புக் குறைந்தால் நாளொன்றுக்கு நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. அவ்வளவு தூரம் அந்தப் பாவப்பட்ட நெஞ்சு வீணாக ஓடியிருக்கிறது.

விலையும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் மூன்று வாரம் கைவிரல்கள் குளிர்ந்தன. மாடி வகுப்புக்கு ஏறும்போது கால் கனத்தது. சட்டென்று எழும்பினால் தலை சுற்றியது. மெல்ல மெல்ல அவை குறைந்தன. வைத்தியர் கண்டிப்பாகச் சொன்ன ஒன்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நன்றாயிருக்கிறதே என்று இந்தக் குளிசையைத் திடீரென நிறுத்தக் கூடாது. நிறுத்துவதென்றாலும் வைத்தியர் சொல்லும் முறைப்படி படிப்படியாகவே நிறுத்த வேண்டும். அதேபோல, எனக்குச் சுகம் வந்தது, நீயும் ஒன்று போட்டுப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் கூடாது. வேகமாய்த் துடிக்கும் எல்லா நெஞ்சுக்கும் காரணம் ஒன்றன்று.

என் இரண்டாவது பயத்தையும் அந்தப் பிள்ளையிடம், அதாவது வைத்தியரிடம், கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“நாடியின்ர வேகத்தைத்தான் சேர் இது பிடிக்கும். உங்கட விருப்பு வெறுப்பைப் பிடிக்காது. ஆனா ஒருவேளை மனம் சோர்வா இருந்தா, எதிலயும் பிடிப்பில்லாமல் வந்தா, ஒளிக்காமல் வந்து சொல்லுங்கோ.”

மூன்றாந் தவணையில் அந்தப் பாடம் வந்தது. புறநானூறு 112. முந்திய இரவு நான் சரியாக உறங்கவில்லை. காலையில் வழக்கம்போல அரைக் குளிசை. வகுப்பில் பாட்டை ஒருமுறை வாசித்தேன். நெஞ்சு அமைதியாகவே இருந்தது. சொற்களைப் பிரித்துப் பொருள் சொன்னேன். குரல் தடுமாறவில்லை. அவ்வளவுதான், எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை வாசித்தேன். முன்னெல்லாம் அந்த இடத்துக்கு வரும்போது படபடப்பில் ஓடிக் கடந்துவிடுவேன். இந்தமுறை ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லிலும் நின்றேன். அந்தப் பிள்ளைகள் முதலில் தந்தையைச் சொல்கிறார்கள், பிறகு மலையைச் சொல்கிறார்கள். இரண்டாவது நிலவுக்கு வரும்போது முதலில் மலை போகிறது, கடைசியாகத்தான் தந்தை இல்லை என்ற சொல் வருகிறது. சொல்ல முடியாததைக் கடைசிவரை ஒத்திப்போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் படிப்பித்தும் அந்த வரிசையை நான் கவனித்ததில்லை. கவனித்தபோது விறாந்தையில் அப்பா இருந்த இடம் கண்ணுக்குள் வந்தது. கண் நிறைந்துவிட்டது. மேசையோரம் விரல் வைத்து நாடியைப் பார்த்தேன். ஓடவில்லை, நிதானமாகவே நடந்துகொண்டிருந்தது.

திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. பிரிவால் வாடும் தலைவி, என் நோய்க்கு ஒரு மருந்து நினைத்துச் சொல்லமாட்டாயா என்று தன் நெஞ்சிடமே கேட்கிறாள். அவள் கேட்ட நெஞ்சு வேறு, ஈ.சி.ஜி. காட்டும் இதயம் வேறு என்பதை நாற்பத்தைந்து வயதில் ஓர் அரைக் குளிசை எனக்குப் படிப்பித்தது. இதயத்துக்கு மருந்து கொடுத்தேன். நெஞ்சு தன்பாட்டில் இருக்கிறது.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, முன்பு கேள்வி கேட்ட அந்த மாணவன் பக்கத்தில் வந்தான்.

“சேர், இண்டைக்கு ஆறுதலாப் படிப்பிச்சியள். விளங்கினது.”

அவனுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. இன்றைக்கு அவன் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனுடைய பழைய கேள்விக்கும் இதையே விடையாக வைத்துக்கொள்ளட்டும். ஆளுக்காள் மாத்திரை மாறத்தான் செய்யும், தம்பி. உன்னுடையது மாறிவிட்டது என்று தோன்றினால் இருட்டில் தனியாக இருந்து எண்ணிக்கொண்டிராதே. ஒரு வைத்தியரிடம் கையை நீட்டு. வீட்டில் ஒருவரிடமாவது சொல்.

நேயர்களே, அடுத்த நிலாவில் எங்கள் பிள்ளைகளுக்கு அப்பா இருக்க வேண்டும். அதற்காக நாளைக் காலையும் என் மனைவி ஒரு குளிசையைச் சரிபாதியாக வெட்டுவார்.